விசுவாசமும் சைகையும்

செவியில் விழாத உபதேசம் உள்ளத்தில் வேர்கொள்ளுமா என்னும் கேள்வி, தத்துவ நூல்களில் எழுந்து அங்கேயே அடங்கிவிட்ட கேள்வியன்று. காது கேளாமற் பிறந்தோரின் ஆன்மிக வாழ்வைப் பல நூற்றாண்டுக் காலம் நிர்ணயித்து வந்த கேள்வி அது. விசுவாசம் பிறப்பதற்குக் கேள்வியே வாயில் என்ற கருத்தைப் புனித பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தில் வெளியிட்டார். அதனை ஆதாரமாகக் கொண்டு, செவி கேளாமை விசுவாசத்துக்கே தடையாகும் என்று அகுஸ்தீனார் ஓரிடத்தில் எழுதினார். அதே அகுஸ்தீனார், ஆசிரியரைப் பற்றிய தம் உரையாடல் நூலில், காது கேளாதோர் சைகைகளாலேயே சம்பாஷிக்க வல்லவர்கள் என்பதையும் எடுத்துக்காட்டியிருக்கிறார்; எனினும் பின்வந்தோர் பலர் முதற்கூற்றையே பற்றிக்கொண்டனர். வேதத்தைச் செவிவழியே காத்து, மந்திரத்தைக் காதில் ஓதி உபதேசிக்கும் நம் நாட்டினரும் இக்கேள்வியை அயலாருடையதென்று ஒதுக்கிவிட இயலாது.

இதனை ஏட்டளவில் ஆராயாமல் இரண்டு மானிட முகங்களில் நேருக்கு நேர் சந்தித்தவர், 1712-இல் பிறந்த ஷார்ல் மிஷெல் தெ லெப்பே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1760-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், பாரிஸ் நகரில் காது கேளாத இரட்டைச் சகோதரிகளுக்குச் சித்திரப் படங்களைக் காட்டிச் சமயம் போதித்து வந்த ஒரு குரு காலஞ்சென்றார். அப்பெண்கள் தங்கள் மதத்தை அறியாமலே வாழ்ந்து மடிய நேருமே என்ற இரக்கம் தெ லெப்பேயை ஆட்கொண்டது. படம் கண்ணுக்குப் புலனாவதைக் காட்டும். சிலுவையையும் குழந்தையை ஏந்திய தாயையும் அது தீட்டிவிடும். ஆனால் ‘நான் விசுவாசிக்கிறேன்’ என்பதை எந்தச் சித்திரக்காரன் தீட்டுவான்? அதற்கு மொழி வேண்டும். அம்மொழியை அவர் கைகளில் தேடினார்.

அந்த ஒரு சொல்லைத் தாம் கற்பித்த விதத்தை 1776-இல் வெளியிட்ட நூலில் அவர் விவரித்திருக்கிறார். முதலில் சுட்டுவிரலால் தம்மையே காட்டி ‘நான்’ என்பதை உணர்த்துவார். பிறகு அவ்விரலை நெற்றியில் வைத்து, அறிவு ஏற்கிறது என்பதற்கு ‘ஆம்’ என்று குறிப்பார். அடுத்து நெஞ்சில் வைத்து, இருதயமும் ஏற்கிறது என்பார். மூன்றாவதாக வாயில் வைத்து, உதடுகளை அசைத்து, வாயும் அறிக்கையிடுகிறது என்பார். முடிவில் கண்களின்மேல் கையை வைத்து, ‘இல்லை’ என்ற குறிப்பினால், தாம் காணவில்லை என்பதைத் தெரிவிப்பார்.

இந்த வரிசையைச் சற்று நிதானித்து நோக்குதல் தகும். கேட்கும் குழந்தைக்குப் பிரார்த்தனை முதலில் வாய்க்கு வருகிறது. அதன் பொருள் அறிவுக்கு எட்டுவதும் நெஞ்சில் இறங்குவதும் பிற்காலத்தில் நிகழலாம், நிகழாமலே போகலாம். இச்சைகையிலோ வாய்க்கு மூன்றாம் இடமே கிடைக்கிறது. அதனினும் ஆழ்ந்தது அந்த இறுதி ‘இல்லை’. அறிந்ததனைத்தையும் கண்வழியே அறிந்த ஒரு குழந்தையிடம், அக்கண்களையே மூடி, இவற்றுக்கு அப்பாலும் ஒன்று உண்டென்று சொல்லும்படி கேட்பது எளிய வேண்டுகோள் அன்று. ஆயினும் அவ்வேண்டுகோளை அக்குழந்தை ஆசிரியரின் கைகளைக் கண்டே அறிந்துகொள்கிறது. ஆகவே அங்கே கண் தள்ளுண்டு போகவில்லை; கண்ணுக்கு எட்டியதே முழு உண்மை என்னும் துணிபு ஒன்றுதான் தள்ளப்படுகிறது.

நம் சித்தாந்திகள் அறிவுக்குக் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைக் கொள்வர். உரையின் வலிமை ஒலியில் இருக்கிறதா, உரைப்போனின் வாய்மையில் இருக்கிறதா? சப்தத்தை நித்தியமென்று கொண்ட மீமாம்சகர் முன்னதைச் சார்ந்து பேசக்கூடும்; ஆப்தன் ஒருவனின் உபதேசமே சப்தப் பிரமாணம் என்று வரையறுத்த நையாயிகர் பின்னதற்கு இடம் தந்தனர். தெ லெப்பே பாரிஸ் நகரில் நடத்திய சிறு பள்ளி நையாயிகர் பக்கமே சான்று பகர்ந்தது. நம்பத்தக்க ஒருவர் தாம் அறிந்ததை நமக்கு உணர்த்துகிறார் என்பதே சாரம். அது நாவினால் வந்தாலென்ன, விரலினால் வந்தாலென்ன?

எனினும், கேளாதோருக்கு மொழியை அருளியவர் தெ லெப்பே என்று புகழ்வது உண்மைக்கு ஒவ்வாது. பிரெஞ்சு இலக்கணத்துக்கு இசைய அவர் அமைத்த சைகைகள் நீண்டு தடித்தவை. பாரிஸின் கேளாத மக்களிடையே தமக்கே உரிய உயிருள்ள மொழி ஒன்று வழங்குகிறதென்பதை, புத்தகம் கட்டும் தொழிலாளியும் தாமே காது கேளாதவருமான பியேர் தெலோஜ் 1779-இல் நூலெழுதி நிலைநாட்டினார். சைகை கடல் கடந்தும் பரவியது: 1816-இல் பாரிஸ் பள்ளியின் முன்னாள் மாணவரான லோரான் கிளேர் அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு அங்கே ஹார்ட்ஃபோர்டில் கேளாதோர் பள்ளி தோன்றியது. அமெரிக்கச் சைகை மொழியில் இன்று ‘விசுவாசி’ என்னும் சொல்லைச் சொல்லும் முறை மிகச் சுருக்கமானது: விரல் நெற்றியைத் தொட்டு, அங்கு நில்லாமல் இறங்கி, மார்புக்கு முன்னே இருக்கும் மற்றக் கையை இறுகப் பற்றுகிறது. விரல் நெற்றியளவில் நின்றுவிட்டால் எண்ணினேன் என்பதே பொருள். எண்ணியதைக் கை பற்றிக்கொண்ட பிறகே விசுவாசித்தேன் என்றாகும். ஞானிகள் பக்கம் பக்கமாக விளக்கிய பேதத்தை ஒரு சமூகம் தன் அன்றாடப் பேச்சில் பொதிந்து வைத்திருக்கிறது!

தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையை வணங்கும் நாம், இம்மொழியை மௌனத்தின் ஒரு வகையென்று போற்றிவிடக்கூடும்; அது பிழையாகும். மௌனம், பேச வல்லவன் விரும்பி மேற்கொள்ளும் விரதம். கேளாதோரின் கைகளோ வாதிடும், ஐயுறும், வேண்டும், மறுக்கும். 1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு வாய்ப்பேச்சே மேலானதென்று தீர்மானித்துச் சைகையைப் பள்ளிகளினின்றும் விலக்க வழிசெய்தது, பேசிக்கொண்டிருந்தவர்களை மௌனிகளாக்கும் கொடுமையாகவே முடிந்தது.

தன் சத்தியம் எல்லா உயிர்க்கும் உரியதென்று சாற்றும் எந்தச் சமயமும், அதைக் கைகளால் சொல்லவும், கைகளால் எழுப்பப்படும் ஐயங்களுக்கு விடையிறுக்கவும், கேளாதவரையே ஆசிரியராக ஏற்கவும் கடமைப்பட்டிருக்கிறது. அதை ஓர் உபகாரமென்று எண்ணிச் செய்வது தகாது. வழக்கத்தினால் வாய் சொல்லிவந்த ஒரு சொல்லை அறிவும் நெஞ்சும் ஏற்றனவா என்று தன்னையே வினவிக்கொள்ளும் வாய்ப்பு, அந்தக் கடமையைச் செய்யும் சமயத்துக்கே முதலில் கிட்டுகிறது.