உயரத்தில் ஒரு துய்ப்பு

நண்பருடன் சிறுவிமானத்தில் கிளம்பி, வேறோர் ஊரில் காலைச் சிற்றுண்டி உண்டு திரும்புவதற்கு அவசியம் எதுவும் இல்லை. காண்பதும் கூடியிருப்பதுமே அதன் பயன். சென்னையில் 1910இலேயே ஓட்டல் அதிபர் டி ஏஞ்சலிஸ் சொந்த விமானத்தில் பறந்து காட்டினார். இத்தகைய இன்பம் உயிரைக் கட்டுமா, வளர்க்குமா?

தனு (உடல்), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (துய்ப்பு) நான்கும் உயிர் பக்குவப்பட இறைவன் தந்தவை என்பது சைவ சித்தாந்தம். அதன்படி துய்ப்பு குற்றமன்று. செல்வத்தைத் துறந்த துறவி பட்டினத்தாரின் வழியோ வேறு.

உண்மையான சிக்கல் இன்பத்தில் இல்லை, தொலைவில் இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் சென்னை ராயபுரத்துக்கு வடக்கே காசிமேட்டுப் படகுகளும் கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர் முகத்துவாரமும் அழகாகவே தெரியும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அங்கே வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. மீனவர் கைகளில் ஒட்டிய அந்தப் பிசுக்கு வானத்துக்கு எட்டாது. உயரம் ஆற்றின் முழு வடிவைக் காட்டுகிறது, அதன் கரையில் வாழ்பவரின் முகத்தை மறைக்கிறது. பிற உயிரின் நோயைத் தன் நோயாக எண்ணச் சொல்லும் வள்ளுவ அறத்துக்கு இந்தப் பார்வை போதாது. தரையிறங்கி அருகே சென்று காண்பதும் வேண்டும்.