உடைமை மென்பொருளாளரும் லினக்ஸும்: கடப்பாடு பற்றிய ஒரு நோக்கு

மூலக்குறிமுறையை மறைத்துப் பயன்பாட்டுரிமையை மாத்திரம் விற்கும் நிறுவனங்கள், லினக்ஸ் இயக்க முறைமையிலும் தம் மென்பொருள் இயங்குமாறு செய்தல் வேண்டுமா என்ற வினா பெரும்பாலும் வணிக வினாவாகவே கொள்ளப்படுகின்றது. பாவனையாளர் தொகை சிறிது, செலவு பெரிது, ஆதலின் வேண்டியதில்லை என்பது வழக்கமான விடை. ஆயின் ‘வேண்டும்’ என்ற சொல் இருபொருள் தருவது. இலாபத்துக்கு உகந்தது என்பது ஒன்று. செய்யாதுவிடின் பிறர்க்குத் தீங்கிழைத்ததாகும் என்பது மற்றொன்று. அறவியல் ஆராய்வது பின்னதையே.

ஒரு மொழியில் நூலெழுதியவன் அதனைப் பிறமொழிகளிலும் வெளியிடக் கடமைப்பட்டவனல்லன். அவ்வாறே விண்டோஸிற்கென மென்பொருள் ஆக்கியோர் லினக்ஸுக்கும் ஆக்காமை குற்றமாகாது. கான்ற் வகுத்த நிறைகடப்பாடு, குறைகடப்பாடு என்ற பாகுபாட்டைக் கொண்டு நோக்கின், இவ்வுதவி பின்னதன் பாற்படும். செய்வது நன்று, உரிமையாகக் கேட்டல் இயலாது.

சாதனங்களை விற்போர் நிலை வேறு. வரைகலை அட்டையை முழுவிலை கொடுத்து வாங்கியவனிடமிருந்து அதனை இயக்கும் விபரங்கள் மறைக்கப்படின், விற்ற பின்னரும் விற்றவனே அதனை ஆள்கின்றான். 2012 இல் பின்லாந்தின் ஆல்ற்றோ பல்கலைக்கழகத்தில் லினஸ் ரோர்வால்ட்ஸ், என்விடியா நிறுவனத்தைச் சாடிக் காட்டிய கைச்சைகை நாகரிகமானதன்று. எனினும் அச்சினத்தில் நியாயம் இருந்தது. 2022 மே மாதத்தில் அந்நிறுவனம், லினக்ஸின் கருப்பகுதியோடு இணையும் தன் நிரல்களின் மூலத்தை வெளியிட்டது. அதற்குள் லினக்ஸ் இயங்கும் தரவு நிலையங்கள் அதன் முக்கிய வாடிக்கையாளராகிவிட்டன. அறம் சாதிக்காததை இலாபம் சாதித்தது என ஐயுறுவோரை மறுப்பது எளிதன்று.

இனி, அவ்வுதவியை லினக்ஸ் பாவனையாளர் விரும்பத்தான் வேண்டுமா? 1983 இல் குனூ திட்டத்தை அறிவித்த றிச்சேட் ஸ்ரோல்மனின் நோக்கில், சுதந்திர மென்பொருளாலான முறைமைக்கு உடைமை மென்பொருளைக் கொணர்வது, விடுபட்டவரை மீளவும் பிறர் தயவில் வாழச் செய்வதாகும். மிகைக் கூற்றெனத் தோன்றும் இதற்குச் சான்று லினக்ஸின் வரலாற்றிலேயே உண்டு. 2002 முதல் லினக்ஸின் நிரல் மாற்றங்களைப் பேணுதற்கு ரோர்வால்ட்ஸ் பிற்கீப்பர் என்ற உடைமை மென்பொருளைப் பயன்படுத்தினார். பிற்மூவர் நிறுவனம் அதனை இலவசமாகவே அளித்தது. போட்டிக் கருவி ஆக்குவோர் அதனைப் பயன்படுத்தலாகாது என்பது நிபந்தனை. 2005 இல் அன்ட்ரூ ட்ரிட்ஜெல், பிற்கீப்பருடன் தொடர்புகொள்ளும் நிரலொன்றை எழுத முற்பட்டதும் இலவச வழங்கல் முடிவுக்கு வந்தது. நிறுவனம் வாக்குத் தவறியது எனச் சொல்வதற்கில்லை. கொடுத்ததைத் திரும்பப் பெறும் உரிமையைத் தன்னிடமே அது வைத்திருந்தது. இடர் அதுவே. உலகெங்குமுள்ள நிரலாளரின் பொதுவுழைப்பு ஒரு நிறுவனத்தின் மனமாற்றத்தால் இடையறுந்து நின்றது. அவ்வாண்டு ஏப்ரிலில் ரோர்வால்ட்ஸ் ‘கிற்’ என்ற கருவியைத் தாமே எழுத நேர்ந்தது.

ஆயினும் இதிலிருந்து உடைமை மென்பொருளை முற்றாக விலக்கல் வேண்டும் என்பது பெறப்படாது. தொழிலுக்கு இன்றியமையாத மென்பொருள் லினக்ஸில் இல்லையெனில் அவன் லினக்ஸையே கைவிடுவான். சுதந்திரத்தில் ஒரு பகுதியை அல்ல, முழுவதையும் இழப்பான். வழக்கமான முறையில் லினக்ஸின் சேவைகளைப் பெறும் நிரல்களை அதன் உரிமம் கட்டுப்படுத்தாது என்ற குறிப்பை ரோர்வால்ட்ஸ் அவ்வுரிமத்துடனேயே இணைத்துள்ளமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

உண்மையான கடப்பாடு பிறிதோரிடத்தில் உள்ளது. ஒருவன் எழுதிய ஆவணம் அவனுக்குரியது; அதனை எழுத உதவிய மென்பொருளாளனுக்குரியதன்று. கோப்பின் அமைப்பையும் கணினிகள் தம்முள் உரையாடும் முறையையும் மறைப்பவன், தனக்குரியதல்லாததைச் சிறைவைக்கின்றான். லினக்ஸுக்கு வராதிருத்தல் உரிமை. வருவோரைத் தடுத்தல் உரிமையன்று. 2004 இல் ஐரோப்பிய ஆணைக்குழு மைக்குறோசொவ்ற் நிறுவனத்துக்கெதிராக அளித்த தீர்மானமும் இவ்வேறுபாட்டைத் தழுவியதே. லினக்ஸுக்கு மென்பொருள் ஆக்குமாறு அது பணிக்கவில்லை. வழங்கிக் கணினிகள் விண்டோஸுடன் இணைந்து இயங்குதற்கான விபரங்களை வெளியிடுமாறே பணித்தது. 2007 செப்ரெம்பரில் நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசெம்பரில், ட்ரிட்ஜெல் தொடக்கிவைத்த சாம்பா திட்டத்தினர், பல ஆண்டுகளாக வலையமைப்பில் ஒட்டுக்கேட்டு ஊகித்தறிந்துவந்த அவ்விபரங்களை 10,000 யூரோ கட்டணத்தில் எழுத்திற் பெற்றனர்.