ஏலத்திற் காத்த மௌனம்

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், ஈட்டுக்கடன் தவறியவனின் வீட்டை நீதிமன்றக் கட்டளைப்படி 'செரிப்' என்னும் அதிகாரி பகிரங்க ஏலத்தில் விற்பார். "நான் வாங்காவிடின் வேறொருவன் வாங்குவான்" என்பது கொள்வோர் கூறும் சமாதானம். 1930களின் பெருமந்தத்தில் நெபிராஸ்கா, அயோவா விவசாயிகள் அதனைப் பொய்ப்பித்தனர். அயலவனின் உடைமை ஏலத்துக்கு வந்தபோது, கூடிப்பேசிச் சில சதங்களுக்கே கேட்டு, வாங்கியதை அவனிடமே மீளக் கையளித்தனர். வெளியாரை வாய்திறவாது அடக்க மிரட்டலும் துணைநின்றது, அதை மறைத்தலாகாது.

2008க்குப் பின் வட கலிபோர்னியாவில் முதலீட்டாளர் சிலரும் ஈட்டு ஏலங்களில் இவ்வாறே கூடிப்பேசி விலையை அடக்கினர், ஆதாயத்தைத் தமக்குள் பங்கிட்டனர், தண்டனையும் பெற்றனர். புறத்தே ஒன்றாகத் தோன்றும் இவ்விரு மௌனங்களையும் பிரிப்பது, பொருள் இறுதியில் எவர் கையைச் சேர்ந்தது என்பதே.

தனித்து நின்று நேர்மையாக விலை கூறுபவனை நான் குற்றஞ்சாட்டேன். அவன் உயர்த்தும் ஒவ்வொரு டொலரும் கடனாளியின் பாக்கியைக் குறைக்கிறது. 'வேறொருவன்' என்ற சாக்கு அவனுக்கு வேண்டியதில்லை.