கற்பவன் தவறும் வழிப்போக்கர் உயிரும்

எந்தக் கலையும் தவறு செய்யாமல் கைவருவதில்லை. எழுதப் பழகும் குழந்தை சிலேட்டில் கிறுக்கி அழிக்கிறது. நீந்தப் பழகுவோன் தண்ணீர் குடிக்கிறான். தச்சுத் தொழில் பயில்வோன் நாலு பலகைகளைப் பாழாக்குகிறான். இத்தவறுகளின் விலை பெரிதன்று. அதைப் பெரும்பாலும் கற்பவனே கொடுத்துவிடுகிறான். ஆதலால் நாமும் புன்னகையோடு பொறுத்துக்கொள்கிறோம். ஆனால் முதன்முதலாக ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கித் தெருவில் இறக்கும் இளைஞனின் நிலை வேறு. அவனுடைய தவற்றின் விலையை, அவனை முன்பின் அறியாத ஒருவர் தம் உயிராலேயே கொடுக்க நேரிடலாம். அப்படியானால், பிறர்மேல் விழக்கூடிய தவறுகளைச் செய்து கற்பதற்கு நமக்கு உரிமை உண்டா?

தென்காசி வட்டாரத்தில் வாழ்வோருக்கு இது ஏட்டுக் கேள்வி அன்று. ஆனி, ஆடி மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியே மேல்காற்றும் சாரலும் புகுந்து வரும். கோபுர வாயிலில் நிற்போரையே தள்ளும் அக்காற்று, இரு சக்கரங்களில் நிலைகொள்ளப் பழகாதவனை விட்டுவைக்குமா? குற்றாலம் செல்லும் சாலை நனைந்து கிடக்கும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் குளித்துவிட்டு, ஈரத் தலையும் தோளில் துண்டுமாய், குழந்தைகளைக் கைப்பிடித்துச் சாலையைக் கடப்போர் எத்தனை பேர்! மேற்கே புளியரை வளைவுகளில் சரக்கு லாரிகள் கேரளம் நோக்கி ஊர்ந்து ஏறும். இச்சாலைகளில்தான் நம் பிள்ளைகள் கிளட்சும் கியரும் பழகுகிறார்கள்.

நாடு முழுவதும் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது நடுவண் அரசின் கணக்கு. அவர்களுள் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றோர். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல். இவ்வெண்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் விளக்கு அணைந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

புனித தாமஸ் அக்குவினாஸ், அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, கைத்திறனையும் விவேகத்தையும் வேறு பிரித்துக் காட்டுகிறார். கைத்திறனில், தெரியாமல் பிழை செய்பவனைவிட, வேண்டுமென்றே பிழை செய்பவன் மேலானவன். ஏனெனில் அவனிடம் திறமை இருக்கிறது. விவேகத்திலோ, வேண்டுமென்றே பிழை செய்பவனே தாழ்ந்தவன். இவ்வேறுபாடு நம் பொருளுக்கு எவ்வளவு பொருந்துகிறது! சந்தைத் தெருவில் வண்டியைச் சாய்த்து வளைத்து ஓட்டுகிறவனை, அவனுடைய தோழர்கள் திறமைசாலி என்று மெச்சலாம். திறமை இருக்கவும் கூடும். ஆனால் அத்திறமையே அவன் குற்றத்தைப் பெரிதாக்குகிறது. சரிவர ஓட்டத் தெரிந்திருந்தும் அவன் அவ்வாறு ஓட்டவில்லை அல்லவா? திறமை வண்டியை ஓட்டக் கற்பிக்கிறது. எப்பொழுது ஓட்டக்கூடாது என்பதை விவேகமே கற்பிக்கிறது.

நாட்டின் சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் வண்டிக்காரனைக் கட்டாயப்படுத்துவது, அவனுடைய வண்டியைக் காப்பீடு செய்ய அன்று. அவனால் தீங்குறக்கூடிய மூன்றாம் நபருக்காகக் காப்பீடு செய்யவே. வண்டி தெருவுக்கு வருமுன்னரே, முகமறியா அந்த அயலான் அங்கே நினைக்கப்படுகிறான். பழகுநர் உரிமம் பெற்றவர் 'எல்' என்ற ஆங்கில எழுத்தைச் சிவப்பில் எழுதி ஒட்ட வேண்டும். கற்பிப்பவரைத் தவிர வேறு எவரையும் பின்னால் ஏற்றக்கூடாது. அந்த எழுத்தை அவமானமாகக் கருதி மறைப்போர் உண்டு. உண்மையில் அது பணிவுள்ள ஓர் அறிவிப்பு: "நான் இன்னும் கற்கிறேன், என்னிடமிருந்து சற்று விலகிச் செல்லுங்கள்."

ஒரு மறுப்பு எழலாம். பீடி சுற்றும் தாயின் சேமிப்பிலும் மாதத் தவணையிலும் வாங்கிய வண்டி அது. பத்துக் கல் தொலைவிலுள்ள வேலைக்கு நாளையே போயாக வேண்டும். விவேகம் பேச நேரம் ஏது? இம்மறுப்பை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது. வண்டி ஏழைக்கு ஆடம்பரம் அன்று, பிழைப்பு. ஆயினும் அத்தாயின் நம்பிக்கை முழுவதும் ஏறிச் செல்லும் வண்டி அல்லவா அது? அவசரத்தில் அவன் ஒருவரை வீழ்த்தினால், அல்லது தானே வீழ்ந்தால், தவணையைக் கட்டுவது யார்? எதிரே வருகிறவரும் ஒரு வீட்டின் சோற்றைச் சுமந்து வருகிறவரே என்பதை மறக்கலாமா? வறுமை விவேகத்தின் தேவையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

ஆகவே, கற்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அது சாலையில் செல்வோர் நம்மை நம்பிக் கொடுக்கும் கடன். தவறுகளை யார்மேலும் விழாத இடத்தில் செய்து தீர்ப்பதே அக்கடனை அடைக்கும் வழி. விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் பழகலாம். முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் சேர்த்து அளவோடு பிடிக்க அங்கேயே கற்கலாம். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நொடிக்குப் பதினோரு மீட்டர் கடக்கிறோம். வறண்ட சாலையில் முதல் தூறல் விழும்பொழுது, எண்ணெயும் புழுதியும் கலந்து வழுக்கும். அப்பொழுது ஒதுங்கி நிற்பது கோழைத்தனம் அன்று. புது எஞ்சினையே முதல் சில நூறு கிலோமீட்டருக்கு விரட்டாதீர் என்கிறார்கள் வல்லுநர்கள். இரும்புக்கு வேண்டிய பொறுமை, அதை ஓட்டும் மனிதனுக்கு வேண்டாமா?

கடமை கற்பவனுக்கு மட்டுமன்று. முன்னே தடுமாறுகிறவனை ஒலிப்பானால் விரட்டுகிற நாமும் ஒரு காலத்தில் பிறர் பொறுமையால் கற்றவர்களே. பதினெட்டு வயது நிரம்பாத மகனுக்குச் சாவியைக் கொடுத்துப் பெருமைப்படும் பெற்றோரையும் குறிப்பிட வேண்டும். அவன் செய்யும் குற்றத்துக்குப் பெற்றோரையே பொறுப்பாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க 2019-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் இடம் தருகிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் மனச்சான்று அதையே சொல்லும்.

புது வண்டியை மாலையிட்டு ஆலயத்துக்குக் கொணர்ந்து மந்திரித்துத் தரக் கேட்பது நம் மக்களின் நல்வழக்கம். பலர் அதனை ஓட்டுபவனுக்கான காவலாக மட்டும் கருதுகின்றனர். ஆனால் 1984-இல் வெளியான ஆசியுரை நூலில் வாகனங்களுக்கான மன்றாட்டு, அவற்றில் செல்வோர் பிறருடைய பாதுகாப்பிலும் அக்கறை கொள்ள வேண்டும் என்று வேண்டுகிறது. தீர்த்தம் வண்டியின்மேல் தெளிக்கப்படுகிறது. மன்றாட்டோ, அதன் முன்னே தெருவைக் கடக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்தே எழுகிறது. அதற்கு "ஆமென்" சொல்கிறவன் ஒரு வாக்குக் கொடுக்கிறான்.