யார் போட்ட வேலி?

மேலநீலிதநல்லூரில் எங்கள் தெருவில் இரண்டு பொம்பளைகள். மூத்தவள் புருசன் விட்டுப்போனவள், இளையவள் கல்யாணமாகாதவள். பருத்தி எடுக்கவும் களை வெட்டவும் ஒரே நிரை. ராத்திரி ஒரே திண்ணை. 'சோடி மாடு' என்று கேலி பேசுவோம், அவ்வளவுதான். 1993-ல் இளையவளுக்கு மாப்பிள்ளை வந்தது. மாட்டேன் என்றாள். தெருவே பற்றிக்கொண்டது. "எங்க மதினிய விட்டுட்டு வரமாட்டேன்"னு அவள் கத்தக் கத்த அண்ணன்காரன் முடியைப் பிடித்து இழுத்துப்போனான். காலேசில் படித்த நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பல வருசம் கழித்து தீபா மேத்தாவின் 'ஃபயர்' (1996) பார்த்தபோது அந்தச் சத்தம் திரும்பக் கேட்டது. தில்லியில் ஒரே வீட்டு ஓரகத்திகள், ராதாவும் சீதாவும், ஒருத்தியை ஒருத்தி நேசிக்கிறார்கள். 1998 டிசம்பரில் மும்பையிலும் தில்லியிலும் சிவசேனைக்காரர்கள் தியேட்டரை உடைத்தார்கள். நம் பண்பாட்டில் இது கிடையாதாம். சிவனும் பெருமாளும் ஒரே உடம்பாக நிற்பதைப் பார்க்க ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலில் கூடுகிற கூட்டத்தை அவர்கள் பார்த்ததில்லை போலும்.

படத்தோடு எனக்குச் சண்டையும் உண்டு. அந்தப் பெண்களைக் காட்டிக்கொடுப்பவன் வேலைக்காரன் முண்டு. வீட்டு அசிங்கத்தில் பெரும்பங்கும் அவன் தலையில்தான். கீழே கிடப்பவன்தானா எப்பவும் குற்றவாளி என்று கோபம் வந்தது. ஆனால் எங்கள் தெருவில் காட்டிக்கொடுத்தது யார்? மேல்தெருக்காரன் இல்லையே.

அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916-லேயே அம்பேத்கர் கொலம்பியாவில் வாசித்தார். உடன்கட்டை, விதவைக்கோலம், சிறுமி மணம் எல்லாம் அதற்காகப் பெண்ணைக் கட்டிப்போட்ட ஏற்பாடு. இரண்டு பெண்கள் சேர்ந்திருந்தால் சாதி கலக்காது. பிறகு என்ன பயம்? கொடுக்கவும் வாங்கவும் ஆண் கையில் இருக்கவேண்டியவள் தன்னைத் தானே வைத்துக்கொள்கிறாளே, அந்தப் பயம். அது எங்களுக்கும் இருந்தது. சாதி மாறிக் காதலித்தவர்களை வெட்டினால் கண்டனக் கூட்டம் போட்டோம். இதற்கு மட்டும் 'குடும்ப விசயம்' என்று பேர் வைத்தோம்.

2021-ல் மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பி வந்த இரண்டு பெண்களின் வழக்கில், தனக்கும் இதில் தெளிவில்லை என்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒப்புக்கொண்டார். மனநல ஆலோசகரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவு போட்டார்: போலீஸ் தொந்தரவு கூடாது, 'குணப்படுத்தும்' வைத்தியம் கூடாது. தெரியாது என்று சொல்லக்கூட எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

போன தபசுக்கு ஊருக்குப் போனேன். மூத்தவள் தனியாகத்தான் இருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"நீயும்தானடா நின்ன" என்றாள். பிறகு கடுங்காப்பி போட்டுத் தந்தாள்.