பழி சேராத காவல்

மணிக்குப் பதினான்கு வயது. ராஜபாளையம் கலப்பு. பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன, இருதயத்துக்குத் தினம் இரண்டு வேளை மாத்திரை. பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக நான் பத்து நாள் டெல்லி போக வேண்டியிருந்தது. நாகமலை புதுக்கோட்டை வீட்டில் நானும் மணியும் மட்டும்தான். வழக்கமாக அவனைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த தெரு அக்காவிடம் சாவியோடு ஒரு தாளும் கொடுத்துப் படித்துக் காட்டினேன். மாத்திரை நேரம், மருத்துவர் எண், சாப்பிட மறுத்தால் திணிக்க வேண்டாம், இறந்துவிட்டால் வேப்பமரத்தடியில் குழி வெட்ட ஆள் கூலி.

எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக நினைத்தேன். அக்கா தாளை மடித்துத் திருப்பித் தந்தார்.

“எல்லாம் சரி டீச்சர். நீங்க இல்லாதப்ப அது செத்துருச்சுன்னா என்னையத்தானே கேப்பீங்க?”

அவர் மாமியார் நான்கு ஆண்டுகள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர். அக்கா குழாயடிக்குப் போய்த் திரும்பிய பத்து நிமிடத்தில் உயிர் போயிருந்தது. நான்கு ஆண்டுகள் மலமும் மூத்திரமும் அள்ளியது யார் நினைவிலும் இல்லை. “கடைசி நேரத்துல நீ எங்க போன?” என்ற கொழுந்தனாரின் கேள்வி மட்டும் இன்றும் அந்த வீட்டில் இருக்கிறது.

ஓர் உயிரை ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கும்போது எதையெல்லாம் ஒப்படைக்கிறோம்? வேலையைக் கொடுக்கிறோம். சொல்லாமலே பழியையும் கொடுக்கிறோம். முடிவெடுக்கும் உரிமையை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்கிறோம். என் தாளும் அப்படித்தான் இருந்தது. மணி வலி தாளாமல் துடித்தால், ஊசி போட்டு முடித்துவிட மருத்துவர் உரிமையாளரின் சம்மதம் கேட்பார். நான் போனை எடுக்காவிட்டால் அக்கா என்ன செய்வார்?

காவல் காத்த நாயை நம் மண் மறப்பதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நட்ட நடுகல், வீரனோடு அவன் நாயையும் செதுக்கி அதன் பெயரையும் சொல்கிறது. அந்த நாய்க்குக் கஞ்சி ஊற்றியவரைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

அக்காவை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். “இவங்க சொன்னா நான் சொன்ன மாதிரி” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அக்காவுக்கு அது போதவில்லை. “திருமங்கலத்துலருந்து உங்க தம்பி வருவாருல்ல? எங்க வீட்டுக்காரரையும் வச்சுக்கிட்டுச் சொல்லுங்க.” நாளைக்குக் கேள்வி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரையும் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன்: “மணி இந்தப் பத்து நாள்ல போயிரலாம். போனா அது வயசு. அக்காவ யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது.”

ஏழாம் நாள் விடிகாலையில் அழைப்பு வந்தது.

“டீச்சர், மணி போயிட்டான்.”

“அப்ப நீங்க எங்க இருந்தீங்க?” நாக்கு நுனி வரை வந்துவிட்டது. திண்ணையில் சொன்ன சொல்லுக்கு முதலில் கட்டுப்பட வேண்டியவள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா அக்கா?” என்று கேட்டேன்.