அழியும் உடலுக்கு ஏன் இத்தனை நுணுக்கம்?

உடல் நிலையற்றது என்பதில் தமிழ்நாட்டுச் சமயங்களுக்குள் சண்டை இல்லை. சைவரும் வைணவரும் சமணரும் பௌத்தரும் எத்தனையோ விஷயங்களில் மோதிக்கொண்டார்கள். யாக்கை அழியும் என்பதில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். அந்தக் குரல் இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது. மயிலாப்பூரிலோ அடையாறிலோ எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவருக்குப் பெருந்தமனி வீங்கியிருப்பது வயிற்று ஸ்கேனில் தெரியவந்தால், மருத்துவர் சிகிச்சையை விளக்கி முடிப்பதற்குள் உறவினர் யாராவது கேட்டுவிடுவார்: போகிற உடம்புதானே, இந்த வயதில் இதெல்லாம் வேண்டுமா? இந்தக் கேள்வியைக் கஞ்சத்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அதன் பின்னால் பல நூற்றாண்டுச் சிந்தனை நிற்கிறது. ஆனால் அந்தச் சிந்தனை உண்மையில் இந்த முடிவுக்குத்தான் நம்மைக் கொண்டுவருகிறதா? இல்லை என்பது என் வாதம். நிலையாமையை மனதார ஏற்றுக்கொண்டவரால்தான் எதையும் ஒழுங்காகச் செப்பனிட முடியும். செப்பனிடுவதே நிலையாமையை ஒப்புக்கொள்ளும் செயல். இதைக் காட்ட மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: பெருந்தமனிக்குள் வைக்கப்படும் ஸ்டென்ட் கிராஃப்டின் துவாரத்தைச் சுற்றித் தைக்கப்படும் கம்பி வளையம்.

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் விட்டம் இயல்பாக 2 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். சுவர் நலிந்து புடைத்து 5.5 சென்டிமீட்டரை எட்டினால் சிகிச்சையைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கொள்ளும் எல்லை. பெண்களுக்கு அது 5 சென்டிமீட்டர். விட்டம் கூடக் கூடச் சுவரின் மீதான இழுவிசையும் கூடுவதால், வீக்கமே மேலும் வீக்கத்துக்குக் காரணமாகிறது. 1990-இல் புவெனஸ் அயர்ஸ் நகரில் ஹுவான் பரோடி என்ற அறுவை மருத்துவர், வயிற்றைத் திறக்காமல் தொடைத் தமனி வழியாக ஸ்டென்ட் கிராஃப்ட் எனப்படும் ஒரு துணிக் குழாயைச் செலுத்தி, வீங்கிய பகுதியை உள்ளிருந்தே மூடினார். இன்று சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் இது வழக்கமான சிகிச்சை. வீக்கம் சிறுநீரகத் தமனிகள் கிளை பிரியும் இடத்தை ஒட்டி வரும்போதுதான் சிக்கல். குழாய் பற்றிக்கொள்ள அங்கே நல்ல சுவர் இருக்காது. குழாயை இன்னும் மேலே ஏற்றினால், சிறுநீரகங்களுக்கும் குடலுக்கும் இரத்தம் போகும் வாய்களைத் துணி அடைத்துவிடும். தமனி வெடிக்காமல் காப்பாற்றிய கையாலேயே சிறுநீரகத்தைக் கொன்றதாகும். அதனால் 1990களில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மைக்கேல் லாரன்ஸ்-பிரவுன், டேவிட் ஹார்ட்லி முதலியோர், கிளைத் தமனிகள் இருக்கும் இடத்தில் துவாரம் வைத்த குழாய்களை வளர்த்தெடுத்தார்கள்.

துணியில் துவாரம் போடுவது எளிது. அது துவாரமாகவே நீடிக்கச் செய்வது கடினம். நெய்த பாலியஸ்டரை வெட்டினால் இழை பிரியும். தி.நகர்த் தையற்கடையில் சட்டைக்குக் காஜா எடுப்பதும் இதற்காகத்தான். ஓரம் கட்டாத துளை நாளடைவில் கிழிசலாகிவிடும். கிராஃப்டில் உள்ள துளைக்கோ வேலை இன்னும் கடுமை. 6 அல்லது 8 மில்லிமீட்டர் அளவுள்ள அதன் வழியே ஒரு சிறிய ஸ்டென்ட் சிறுநீரகத் தமனிக்குள் நுழைகிறது. அதன் வாய் துளையின் விளிம்பில் அகல விரிக்கப்பட்டு இறுகுகிறது. விளிம்பு நெகிழ்ந்தால் இரத்தம் கசிந்து வீக்கத்துக்குள் மறுபடி அழுத்தம் ஏறும். ஆகவே துளையைச் சுற்றி நைட்டினால் கம்பியை வளையமாக வைத்துத் தைக்கிறார்கள். நிக்கலும் டைட்டானியமும் ஏறத்தாழச் சம எண்ணிக்கை அணுக்களாகச் சேர்ந்த அந்த உலோகக் கலவை, எஃகைவிடப் பல மடங்கு வளைந்தும் பழைய வடிவத்துக்குத் திரும்பும். மெல்லிய உறைக்குள் மடித்து அடைத்திருந்தாலும், தமனிக்குள் விடுபட்டதும் மறுபடி வட்டமாகும். கம்பியின் முனை கூராக நின்றால் துணியையே அறுக்கும் என்பதால், ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டி, முனைகளைச் சிறு கண்ணிகளாக வளைத்துத் தையலில் பிணைப்பது ஒரு வழி. எக்ஸ்ரேயில் இடம் தெரிவதற்காக விளிம்பில் தங்கக் குறிகளும் உண்டு. ஒரு நோயாளியின் ஸ்கேனை அளந்து அவருக்கென்றே செய்யப்படும் குழாய் வந்து சேரப் பல வாரங்களாகும். அதுவரை தாங்காத நிலையில் இருப்பவருக்கு, அறுவை அரங்கிலேயே ஆயத்தக் குழாயில் துளையிட்டுக் கம்பியைக் கையால் தைத்துப் பொருத்தும் மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

இந்த வளையத்தை வடிவமைப்பவரின் மனநிலைதான் நமக்கு முக்கியம். இதயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை துடிக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் சிறுநீரகங்கள் மேலும் கீழும் அசைகின்றன. துடிப்பும் மூச்சுமாக இரண்டு தாளங்களும் அந்த இணைப்பை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். அதனால் பத்தாண்டு உழைப்புக்குச் சமமாக, சுமார் 40 கோடி துடிப்புகளை ஆய்வகத்தில் விரைவாக ஓட்டிச் சோதிப்பது இத்துறையின் வழக்கம். கம்பியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலும் விரிசலுக்கு வித்தாகலாம் என்பதால் அதை மின்வேதி முறையில் மெருகேற்றுகிறார்கள். எங்கே முதலில் உடையும், எப்போது உடையும், உடைந்தால் அருகிலிருப்பதற்கு என்ன ஆகும் என்ற மூன்று கேள்விகளிலிருந்துதான் இந்த வேலை தொடங்குகிறது. பொருள் நிலைத்து நிற்கும் என்று நம்புகிறவருக்கு இக்கேள்விகள் எழவே எழா. நிலையாமையை வெறும் கொள்கையாகச் சொல்லிக்கொண்டிருக்காமல், ஒவ்வொரு தையலிலும் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறார் இவர்.

நம் கோயில் மரபுக்கு இந்த மனநிலை புதிதில்லை. கருவறையில் திருமேனியைப் பீடத்தோடு பிணைப்பது அஷ்டபந்தன மருந்து. கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்த்துச் செய்வது. யார் கண்ணிலும் படாத அந்த இணைப்பு காலப்போக்கில் இறுகி வெடிக்கும் என்பதால், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மருந்து சாத்திக் குடமுழுக்குச் செய்ய வேண்டும் என்பது வழக்கம். இறைவன் அழிவற்றவன் என்று சொல்லும் அதே மரபு, அவன் உறையும் கல்லும் மருந்தும் அழியும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு கால அட்டவணையே போட்டிருக்கிறது. மயிலைக் கபாலீசுவரர் கோயிலுக்கு இது வெறும் சாத்திரமாக இல்லை. கடற்கரையில் இருந்த பழைய கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்து, இன்றுள்ள இடத்தில் மறுபடி எழுப்பப்பட்டது என்பது வரலாறு. 2016-இல் அங்கே குடமுழுக்கு நடந்தது. எல்லாம் ஒருநாள் இடியும், ஆகவே திருப்பணி வேண்டாம் என்று அந்த மாடவீதிகளில் யாரும் வாதிட்டதில்லை. இடியும் என்பதுதான் திருப்பணிக்கே காரணம்.

நிலையாமையை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலேயே சான்று உண்டு. பியோர்க்–ஷைலி என்ற செயற்கை இதய வால்வின் ஒரு வகையில், தட்டைத் தாங்கும் சிறு கம்பிக்கால் பற்றவைத்த இடத்தில் முறிந்தது. முறிவுகள் தெரியவந்த பிறகும் விற்பனை தொடர்ந்தது, 1986-இல்தான் நின்றது. அதற்குள் உலகெங்கும் 80,000-க்கும் மேற்பட்டோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது; நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இதற்கு நேர் எதிரான பாதையில் நடந்தது திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவான வால்வு. முதல் மூன்று வடிவங்களின் குறைகளை ஒப்புக்கொண்டு ஒவ்வொன்றையும் கைவிட்டார்கள். நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னையின் டி.டி.கே. குழுமம் அதைத் தயாரித்து, இறக்குமதி வால்வைவிடக் குறைந்த விலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் கொண்டுசேர்த்தது. பொருள் உடையும் என்ற உண்மையை ஒரு தரப்பு மறைத்தது, மற்றொரு தரப்பு அதைப் பாடமாக்கிக்கொண்டது. இரண்டு வால்வுகளுக்கும் இடையிலான வேறுபாடு இந்த ஒழுக்கத்தில் இருக்கிறது.

இதற்கு மூன்று மறுப்புகள் வரலாம். முதலாவது பட்டினத்தாரின் பெயரால் வருவது: உடலை இகழ்ந்த ஞானிகளின் நாட்டில், உடலுக்குப் பொன்னும் கம்பியும் பூட்டுவது பற்று ஆகாதா? பட்டினத்தார் சாடியது உடலே நான் என்னும் மயக்கத்தை. உடலைக் கருவியாகப் பேணுவது வேறு விஷயம். திருமூலர் தாமே முதலில் உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததையும், பின்னர் அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டு அதைப் போற்றத் தொடங்கியதையும் சொல்லியிருக்கிறார். உமாபதி சிவம் உடலை, விடியும்வரை வேண்டிய விளக்காகக் கண்டார். விடிந்தபின் விளக்கு வேண்டாம் என்பதற்காக நள்ளிரவில் அதை அணைக்கச் சொல்லவில்லை. நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். செல்வம் நிலையாது என்று சொன்ன கையோடு, அது இருக்கும்போதே நிலைத்த நன்மையைச் செய்துவிடு என்று அவசரப்படுத்தினார். நிலையாமை அவரிடத்தில் செயலுக்குத் தூண்டுகோலாகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: கண்ணியமாக விடைபெறுவதும் ஞானம் அல்லவா? ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இதே நோய். 1948-இல் அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிசன் அவருடைய வீங்கிய தமனியைச் செலோபேன் தாளால் சுற்றினார். 1955 ஏப்ரலில் தமனி கசியத் தொடங்கியபோது ஐன்ஸ்டைன் அறுவையை மறுத்துவிட்டார். 18-ஆம் தேதி தமது 76-ஆம் வயதில் இறந்தார். மறுத்ததை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள், 1948-இல் அவர் அறுவைக்கு இசைந்ததை மறந்துவிடுகிறார்கள். அந்த இசைவுக்குப் பிறகு ஆறு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சிந்தித்தார், எழுதினார், அணு ஆயுதங்களுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். செப்பனிட்டுக்கொண்டதும் விடைபெற்றதும் ஒரே மனிதர். இரண்டுக்கும் ஊற்றாக இருந்தது ஒரே தெளிவு. ஆகவே, எழுபத்தைந்து வயதுக்காரர் எல்லாத் தகவலும் அறிந்து தாமே வேண்டாமென்றால் அதை மதிக்க வேண்டும். அவரைக் கேட்காமலேயே உறவினர்கள் வேதாந்தம் பேசி முடிவெடுப்பது அவருடைய துறவாகாது. விதிப்படி நடக்கட்டும் என்போருக்கு மயிலாப்பூரே விடை வைத்திருக்கிறது. பாம்பு தீண்டி மாண்ட பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்தார் தந்தை சிவநேசர் என்கிறது பெரியபுராணம். சம்பந்தர் அதை விதியென்று விட்டுவிடவில்லை. ஐப்பசி ஓணமும் கார்த்திகை விளக்கீடும் தைப்பூசமும் பங்குனி உத்திரமும் காணாமல் போவாயோ என்று கேட்டுக்கேட்டே அவளை எழுப்பினார். உயிர் எதற்காகத் திரும்ப வேண்டும் என்பதற்கு அவர் கொடுத்த காரணம், ஊரோடு கூடிக் காண வேண்டியவை இன்னும் இருக்கின்றன என்பதே. ஆயுளை நீட்டுவதை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. அதற்குத்தான் நாம் அதிகம் கூச வேண்டும். துவாரம் வைத்த குழாயும் அதற்குரிய சிறு ஸ்டென்ட்களும் பல லட்சம் ரூபாய் கேட்பவை. உடல் கோயில் என்றால், அடையாற்றுப் பங்களாவில் இருப்பவரின் உடலும் அவர் வீட்டுக் காவலாளியின் உடலும் ஒரே கோயில்தான். கோயிலில் உள்ள திருமேனிக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய மனிதரைச் சேராது, மனிதருக்குக் கொடுப்பது இறைவனைச் சேரும் என்று திருமூலர் சொன்னது இங்கே நேராகப் பொருந்துகிறது. உடலைக் கோயிலாகக் காணும் கொள்கையை ஏற்றவர், அந்தச் சிகிச்சையை அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவரும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறார். விலை அதிகம் என்பது சிகிச்சையைக் கைவிடக் காரணமாகாது. வால்வை இங்கேயே செய்து காட்டியதுபோல இதையும் செய்யக் காரணமாகும். புகைப்பதை விடுவதும் இரத்தக் கொதிப்பை அடக்குவதும் புகைபிடித்த முதியவர்களுக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுப்பதும் செலவு குறைந்த திருப்பணிகள். அவற்றைத் தவிர்த்துவிட்டுக் கம்பியின் நுட்பத்தை மட்டும் வியப்பது அறமாகாது.

துவாரம் வைத்த குழாயைப் பொருத்தியதோடு கதை முடிவதில்லை. வளையம் பிடித்திருக்கிறதா, கசிவு உண்டா என்று ஆயுள் முழுவதும் அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு என்று மருத்துவர் வாக்குக் கொடுக்க மாட்டார். கவனித்துக்கொள்வேன் என்றுதான் கொடுப்பார். நிலையாமையை நம்புவதாகச் சொல்லும் நாமும் இந்த வாக்கைத்தான் ஒருவருக்கொருவர் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். போகிற உடம்புதானே என்ற வாக்கியத்தைக் கைகழுவுவதற்காகச் சொல்பவர், தம் கொள்கையின் முதல் பாதியிலேயே நின்றுவிடுகிறார். போகிற உடம்பு என்பதால்தான் இன்று அதைக் கவனிக்க வேண்டும். உடையும் என்று தெரிந்தே நேர்மையாகத் தைக்க வேண்டும். தைத்ததை மறுபடி மறுபடி சோதிக்க வேண்டும். உரியவர் போதும் என்று சொல்லும் நாளில் கையை எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.